15 டாலர் சட்டையும் மொவுங்காவின் திரும்பலும்

வணக்கம். இந்தச் சிவப்புச் சட்டையைப் பார்த்ததுமே பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். ரக்பி வீரர் ரிச்சி மொவுங்கா நியூசிலாந்துக்குத் திரும்புகிறார். 2027 இறுதிவரை ஒப்பந்தம், அதாவது அந்த ஆண்டின் உலகக் கோப்பையும் அதற்குள் அடக்கம்.

2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து தென்னாப்பிரிக்காவிடம் 12-11 என்று தோற்ற கையோடு அவர் டோக்கியோவின் பிரேவ் லூபஸ் அணிக்குக் கிளம்பியபோது, முதுகில் அவருடைய எண்ணான 10 அச்சிட்ட, அவர் அதுவரை ஆடிய நியூசிலாந்து அணியான குரூசேடர்ஸின் இந்தச் சட்டையைப் பழைய துணிக்கடையில் 15 டாலருக்கு வாங்கினேன். சீட்டில் 20 என்றுதான் இருந்தது. கைப்பட்டையில் தையல் விட்டிருப்பதைக் காட்டி, வரிசையில் நின்றவர்கள் முறைக்க முறைக்கப் பேரம் பேசி 5 டாலரைக் குறைத்தேன். அவர் போன மறு ஆண்டே, தொடர்ந்து ஏழு பட்டங்கள் வென்றிருந்த குரூசேடர்ஸ் 12 அணிகளில் ஒன்பதாவதாக வந்தது. பிரேவ் லூபஸோ அடுத்தடுத்து இரண்டு முறை ஜப்பான் லீக் கோப்பையைத் தூக்கியது.

வெளிநாட்டில் ஆடினால் நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் கறுப்புச் சட்டை கிடையாது என்ற விதியை என்னவோ கோட்டைச் சுவர் போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தச் சட்டை நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்தவரைத்தான் அது கட்டிப்போடும். ஆல் பிளாக்ஸுக்கு 17 டெஸ்ட் ஆடியிருந்த சார்லஸ் பியுட்டாவ் 2015-இல் வெளியேறியவர், கடைசியில் 2023 உலகக் கோப்பையில் டோங்காவுக்கு ஆடினார்.

சொல்ல மறந்துவிட்டேன், நியூசிலாந்தே கண்டுபிடித்த நல்ல வழி ஒன்று உண்டு: ஒரு பருவம் வெளிநாட்டில் ஆடிவிட்டுத் திரும்ப விடுப்பு. ஆல் பிளாக்ஸ் வீரர் டான் கார்ட்டர் 2008-இல் பிரான்ஸின் பெர்பிஞ்ஞான் கிளப்புக்குப் போய், குதிகால் தசைநார் அறுந்து திரும்பினார் என்பது வேறு கதை, ஆனால் திரும்பினார். இன்னொரு ஆல் பிளாக்ஸ் வீரர் ஆர்டி சவேயாவும் 2024-இல் ஜப்பானின் கோபேயில் சம்பாதித்துவிட்டு வந்துவிட்டார். கதவைப் பூட்டுவதைவிட, சாவியைக் கொடுத்து அனுப்புவதே மேல்.

இதைவிட எனக்குப் பிடித்தது அயர்லாந்தின் தந்திரம். அங்கே வசித்து ஆடிய ஆண்டுகளில் பத்து ஆண்டுகள்வரை, விளையாட்டால் நேரடியாக ஈட்டிய வருமானத்தில் 40 சதவீதத்தைக் கழித்துக் கணக்கிட்டு, அதற்குரிய வரியை ஓய்வு பெறும்போது திரும்பக் கேட்டு வாங்கலாம். ஐரிஷ் வீரர் ஜானி செக்ஸ்டன் 2013-இல் பாரிஸ் கிளப்புக்குப் போய் 2015-இல் தன் பழைய ஐரிஷ் அணியான லென்ஸ்டருக்கே திரும்பியதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பிரெஞ்சு கிளப் நீட்டும் பெரிய தொகைக்கு எதிரே காகிதத்தில் எழுதிக் காட்ட ஐரிஷ்காரர் கையில் ஒரு கணக்காவது இருக்கிறது. நியூசிலாந்துக்காரர் கையில் கறுப்புச் சட்டை மட்டுமே இருக்கிறது.

நிற்க, மொவுங்கா வருவதற்குள் இந்தக் கைப்பட்டையைச் சரிசெய்யத் தையல்காரரிடம் கேட்டேன். 18 டாலராம்.