ஒரு மேசைக்கு மனு

வணக்கம். இடையில் குக்கர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பருப்பு வேகிறது.

என் மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் என்ன நடந்தது என்றால் ‘ஒன்றுமில்லை’. ஏன் முகம் வாடியிருக்கிறது என்றால் ‘ஒன்றுமில்லை’. மூன்றாவது கேள்விக்குக் கதவைச் சாத்திக்கொள்வாள். சரி, படித்தாவது பார்ப்போம் என்று புத்தகங்களைத் தேடினேன்.

அமெரிக்க உளவியலாளர் லிசா டாமர் 2016-இல் எழுதிய ‘அன்டாங்கிள்ட்’ நல்ல புத்தகம். அதில் பெற்றோரை நீச்சல்குளத்தின் சுவர் என்கிறார். மூச்சு வாங்கும்போது பெண் வந்து சுவரைப் பிடித்துக்கொள்வாள். தெம்பு வந்ததும் அதே சுவரை உதைத்துக்கொண்டு நீந்திப் போய்விடுவாள். உதை வாங்கிய இடம் வலிக்கிறதே, அதற்கு மருந்து அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

என்னை உலுக்கியது, இரண்டாம் உலகப்போரில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்புதான். சிறுவயதில் அதைப் போர்க்காலக் கதையாகப் படித்தேன். இப்போது அம்மாவாகப் படிக்கும்போது ஒரு மேசையைத் தாண்டிப் போக முடியவில்லை.

1943 ஜூலை. ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்கு அஞ்சி எட்டுப் பேர் ஒளிந்திருக்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்த பல் மருத்துவர் ஒருவரோடு ஆன் அறையைப் பகிர்ந்துகொள்கிறாள். அவர் மதியம் தூங்கும் நேரத்தில் மட்டும் மேசை அவளுக்கு. வாரத்தில் இரண்டு நாள் நான்கிலிருந்து ஐந்தரை வரை கூடுதலாக வேண்டும் என்று பணிவாகக் கேட்கிறாள். முடியாது என்கிறார். எழுதுவதும் படிப்பதும் அவருக்கு வேலையாகவே படவில்லை. கடைசியில் அப்பா ஓட்டோ தலையிட்ட பிறகுதான் மேசை கிடைக்கிறது. வெளியே உலகமே எரிகிறது, இவள் மேசைக்கு மனுப் போடுகிறாளே என்று சிரித்துவிடலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தன் அம்மாவைப் பற்றி அவள் எழுதியதைப் படிக்கத் தைரியம் வேண்டும். 1944 ஜனவரியில் பழைய பக்கங்களைப் புரட்டியவள், இவ்வளவு வெறுப்பை நானா கொட்டினேன் என்று தானே திடுக்கிடுகிறாள். எல்லோரும் பிடிபட்ட பிறகு, அந்தத் தாய் அதை அறியாமலே நாஜிகளின் முகாமில் இறந்துபோனார். உயிர் தப்பிய ஓட்டோ 1947-இல் நாட்குறிப்பை வெளியிட்டபோது, மனைவியைப் பற்றியும் மகளின் உடல் மாற்றங்களைப் பற்றியும் இருந்த சில பகுதிகளை நீக்கிவிட்டார். ஆகவே பின்னாளில் வந்த முழுப் பதிப்பை வாங்குங்கள். மகளோடு அத்தனை நெருக்கமாக இருந்த மனிதர், நாட்குறிப்பைப் படித்த பிறகுதான் அவளைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று உணர்ந்ததாகச் சொன்னார்.

நம் மண்ணில் என்றால் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, 2004. பருவமடைந்ததோடு படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர் எழுதிய நாவல். மெதுவாகத்தான் நகரும், பாதியில் வைத்துவிடாதீர்கள்.

நான் கேமராவை வைத்திருக்கும் இந்த மேசை என் மகளுடையது. சனிக்கிழமைதோறும் இங்கே நான் பேசுகிறேன். அவள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறாள். போன வாரம் வாசலில் நின்று, ‘எத்தனை மணிக்கு முடியும்மா?’ என்று கேட்டாள். ஏன் என்றேன். ‘ஒன்றுமில்லை’ என்றாள்.

டியூஷன் முடிந்து அவள் வரும் நேரம் ஆகிவிட்டது. ஸ்டாண்டைக் கழற்ற வேண்டும். வருகிறேன்.