கொப்பியிலிருந்து தரவுத்தளத்துக்கு

வணக்கம் நேயர்களே. திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசி இரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதெல்லாம் அவர்கள் கையிலிருக்கும் கிளினிக் கொப்பியில்தான். கொப்பி தொலைந்தால் கதை முடிந்தது. இப்போதைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. யாருக்கு, எந்த வயதில், எந்த மாவட்டத்தில் நோய் வந்தது என்று அது சொல்லும். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு என்ன நடந்தது? அதற்கு நோயாளியைத் தொடர்ந்து பின்பற்றும் தரவுத்தளம் வேண்டும்.

சி.எம்.எல். என்ற லுக்கேமியாவை, அதாவது ஒரு வகை இரத்தப் புற்றுநோயை, எடுத்துக்கொள்வோம். 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் வருவது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை வந்த பிறகு பலர் வீட்டிலிருந்தபடியே வழமையான வாழ்க்கை வாழ்கிறார்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த இடமாற்றத்தால் உருவாகும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) மரபணுவின் அளவை இரத்தத்தில் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் முடியும்போதும் அது 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. அப்புறம் அது இறங்குகிறதா, ஏறுகிறதா என்று வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும். ஏறினால் மருந்து பலிக்கவில்லையா, ஆள் மாத்திரை எடுக்க வரவில்லையா? அதனால் மருந்து வாங்கிய திகதியும் பதிவில் இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் கிளினிக்குக்கு வராதவர்களை அது காட்டிக்கொடுக்கும்.

ஒரே ஆளை இரண்டு பேராகப் பதிவதுதான் பெரிய தலையிடி. தகப்பன் பெயர் ஓர் ஆஸ்பத்திரியில் முன்னே, இன்னொன்றில் பின்னே. அடையாள அட்டை இலக்கத்தை வைத்துச் சேர்க்கலாம்தான். ஆனால் குழந்தைகளின் லுக்கேமியா அதிகம் வருவது 2 முதல் 5 வயதுக்குள். அந்தப் பிள்ளைக்கு அட்டை எங்கே? டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு, பிறக்கும் பிள்ளைக்கும்தான். அவர்களின் ஆய்வுகள் நம்பகமாக இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம் என்பேன்.

சரி, தகவல் வெளியே போகாதா? நியாயமான பயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்குத் தனிக் கவனம் தருகிறது. ஆனால் பெயரை அழித்தால் மட்டும் போதாது. ஒரு சின்னக் கிராமத்தின் பெயரையும் ‘6 வயதுப் பெண் பிள்ளை, லுக்கேமியா’ என்பதையும் சேர்த்து எழுதினால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஆய்வுக்குக் கொடுக்கும்போது ‘5 முதல் 9 வயது, திருகோணமலை மாவட்டம்’ என்பதோடு நிறுத்தலாம். பெயருள்ள பட்டியல் சிகிச்சை தரும் வைத்தியர்களிடமே இருக்கட்டும்.