கேமரா எங்கே நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

முடிந்தால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் வேண்டாம். ஒரு மனிதனின் முகம். அழவில்லை, சிரிக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்து ஒரு கிண்ணம் சூப். பாவம், பசி போலிருக்கிறது என்று தோன்றும். மறுபடி அதே முகம். இந்த முறை அடுத்து வருவது சவப்பெட்டியில் ஒரு சிறுமி. இப்போது அதே முகத்தில் துக்கம் தெரியும். முகம் துளிகூட மாறவில்லை. பசியையும் துக்கத்தையும் கொண்டுவந்து வைத்தது நாம்தான்.

1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோவியத் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்து பார்த்த சோதனை இது. அந்தப் படத்துண்டு இன்று கிடைப்பதில்லை. அவரும் அவரிடம் படித்த புடோவ்கினும் சொல்லிவிட்டுப் போனதுதான் மிச்சம். எடிட்டிங் வகுப்புகளில் இன்றும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஊடகக் கல்வி என்றதும் இப்போது பொய்ச் செய்திதான் நம் ஞாபகத்துக்கு வருகிறது. கைபேசியில் வந்த படம் நிஜமா, போலியா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதனின் முகம் நிஜம். சூப்பும் நிஜம். இரண்டையும் ஒட்டிய இடத்தில்தான் சங்கதி இருக்கிறது. போலியா நிஜமா என்று மட்டும் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்த ஒட்டு எப்படிக் கண்ணில் படும்?

டென்மார்க்கில் 2020ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கு நாட்களில், ஒரு செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். வரிசையில் நிற்கிறவர்களை, வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களை ஒருமுறை, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற டெலி லென்ஸில் எடுத்தார்கள். இடம் மாறி நின்று, அகலமாகக் காட்டுகிற வைட் லென்ஸிலும் எடுத்தார்கள். முதல் படத்தில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். இரண்டாவது படத்தில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஒரே இடம், ஒரே ஆட்கள், இரண்டு படமும் உண்மை. இங்கே போலியைக் கண்டுபிடிக்கிற வித்தை எதற்கும் உதவாது. கேமரா எங்கே நிற்கிறது, எந்த லென்ஸ் வழியாகப் பார்க்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும்.

இந்தக் கேள்வியைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதில் பிரான்ஸ் நாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அங்கே 1989இல் நடுநிலைப் பள்ளிகளுக்கும், 1994இல் தொடக்கப் பள்ளிகளுக்கும் சினிமாத் திட்டங்கள் வந்தன. வருஷத்துக்கு மூன்று படம் என்ற கணக்கில், பள்ளி நேரத்திலேயே, நிஜமான தியேட்டருக்குக் கூட்டிப்போகிறார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும், வேறு நாட்டுப் படம் இருக்கும். பிள்ளைகள் தாங்களாகத் தேடிப் போகாத படங்கள். ஆசிரியர்களுக்கும் அந்தப் படங்களைப் பற்றிய கையேடு உண்டு. இந்த முன்தயாரிப்பு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால், ஆசிரியர் வராத நாளில் வகுப்பை அமைதிப்படுத்தப் படம் போடுகிற பள்ளிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

அப்புறம் பாரிஸில் உள்ள சினமாதெக் என்ற திரைப்பட ஆவணக் காப்பகம், சினிமாவுக்கு நூறு வயதான 1995இல் ஒரு திட்டம் தொடங்கியது. இன்று வேறு பல நாட்டுப் பிள்ளைகளும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அதில் 'லூமியேர் நிமிடம்' என்று ஒரு பயிற்சி. சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் முதல் படங்கள் ஒவ்வொன்றும் சுமார் 50 வினாடிதான். கேமராவில் ஏறிய பிலிம் வெறும் 17 மீட்டர். அதே கட்டுப்பாட்டைப் பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள். ஒரே ஷாட், ஒரு நிமிடம். கேமரா அசையக்கூடாது, நடுவில் வெட்டக்கூடாது.

நானும் ஒரு வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. முக்காலியை இங்கே வைத்தாள், எடுத்தாள், அங்கே வைத்தாள். அரை மணி நேரம் போனது. கடைசியில் பூட்டியிருந்த ஒரு கதவுக்கு எதிரே வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். யாரும் வரவில்லை. நிமிடம் முடியப் போகிற நேரத்தில் ஒரு நாய் இடது பக்கமாக வந்தது, கதவை முகர்ந்தது, வலது பக்கமாக ஃபிரேமை விட்டு வெளியே போய்விட்டது. திரையில் போட்டுக் காட்டியபோது மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், "நாய் எங்க போச்சு?" என்றார்கள். அவளுக்குத் தெரியும், அவள் அங்கே நின்றிருந்தாள். மற்றவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசித்த அந்த நொடியை என்னால் மறக்க முடியவில்லை. ஃபிரேமுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது எடுத்தவர் கையில் இருக்கிற அதிகாரம். அதை அவள் விரல் நுனியில் உணர்ந்துவிட்டாள்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இதை ஆசிரியர்களே முன்னெடுத்தார்கள். 1978இல் சங்கம் அமைத்தார்கள், 1987இல் ஊடகப் பாடம் ஆங்கில மொழிப் பாடத்துக்குள் கட்டாயமாக வந்தது. எல்லா ஊடகமும் யாரோ கட்டி எழுப்பியதுதான் என்பது அவர்களுடைய முதல் பாடம். பிரேசிலில் 2014இல் சட்டமே போட்டார்கள், பள்ளிகளில் மாதம் குறைந்தது இரண்டு மணி நேரம் அந்நாட்டுப் படங்களைத் திரையிட வேண்டும் என்று. நல்ல சட்டம்தான். ஆனால் படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வகுப்பில் யார் என்ன கேட்கிறார்கள் என்பதைச் சட்டத்தில் எழுத முடியாது.

பின்லாந்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் 'பல்வகை எழுத்தறிவு', அதாவது எழுத்தை மட்டுமல்ல, படத்தையும் ஒலியையும்கூடப் படித்துப் புரிந்துகொள்கிற திறமை, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான கடமை ஆனது. ஓவியம், வரலாறு, தாய்மொழி, எதுவும் விலக்கில்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்நாட்டில் பழைய திரைப்படங்களைப் பாதுகாக்கிற தேசிய நிறுவனம் எதுவோ, ஊடகக் கல்வியை வளர்க்கும் பொறுப்பையும் சட்டப்படி சுமப்பது அதே நிறுவனம்தான். படப்பெட்டிகளும் பிள்ளைகளின் பார்வையும் ஒரே கூரையின் கீழ். படத்தை நேசிக்கிறவர்களிடம்தான் படத்தைச் சந்தேகிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் நம்புகிறேன். சந்தேகத்தை மட்டும் ஊட்டினால் பிள்ளைகள் எதையுமே நம்பாமல் போய்விடுவார்கள். அதுவும் ஆபத்து.

சரி, இன்று இரவு டி.வி.யில் செய்தி வரும்போது ஒரு நிமிடம் ஒலியை நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் காட்சி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுங்கள். ஏதாவது ஒரு காட்சியில் மட்டும், கேமரா எங்கே நின்றிருக்கும், அதற்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் எண்ணச் சொல்லுங்கள். உங்களைவிட அவர்கள் கணக்கு சரியாக இருக்கும்.

வணக்கம்.