கிணற்றடியில் எழுதும் ஒப்பந்தம்

நேயர்களுக்கு வணக்கம். வறட்சியில் வெளியூர் மந்தையும் ஊர் மந்தையும் ஒரே கிணற்றைச் சண்டையின்றிப் பகிர ஒப்பந்தம் எழுதுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. அங்கே நிவாரணமும் அமைதிப் பணியும் செய்பவர்களுக்கான யோசனைகள் இவை.

வடகென்யாவில் மழைக்கு ஆண்டுக்கு இரண்டு பருவம்: மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை. 2020 கடைசியில் தொடங்கி ஐந்து பருவங்கள் வரிசையாகப் பொய்த்தன. இசியோலோ, மார்சபிட், வஜீர் பகுதிகளில் ஆடும் மாடும் ஒட்டகமும்தான் சொத்து. புல் தேடி மந்தை நகரும்போது, போய்ச் சேருகிற இடம் பெரும்பாலும் இன்னொரு குலத்தாரின் மேய்ச்சல் நிலம்.

வறட்சி வந்தால் சண்டை வரும் என்று பொதுவாகச் சொல்கிறோம். மார்சபிட்டில் கால்நடைக் கொள்ளையை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில்தான் கொலைகள் அதிகம். யோசித்தால் புரியும். கடும் வறட்சியில் எலும்பும் தோலுமான மாட்டைக் கொள்ளையடித்து நூறு கிலோமீட்டர் ஓட்ட முடியாது. அடுத்தவன் கிணறும் வேண்டும், அதனால் பேச்சு பணிவாக இருக்கும். மழைக்குப் பிறகு மாடு தேறும், புதர் மறைக்கும், இளைஞனுக்கு ஓய்வும் கிடைக்கும். அமைதிப் பணியின் நாட்காட்டியை இதை வைத்துத்தான் போட வேண்டும்.

அங்கே மந்தை மேய்க்கும் பொரானா மக்களிடம் தண்ணீரையும் புல்லையும் பகிர ஓர் ஏற்பாடு உண்டு. கிணற்றை முதலில் தோண்டியவரின் வழியினர் அதன் காப்பாளர். அன்றாடம் எந்த மந்தை எப்போது குடிக்கும் என்று வரிசை வைப்பவர் அப்பா ஹெரேகா. அவர்கள் மொழியிலும் அப்பா என்றால் தகப்பன்தான்! நம் ஏரிப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி என்னும் ஊர்ப் பணியாளர் செய்த வேலைக்கு நெருக்கமானது இது. மேய்ச்சல் நிலத்தை மழைக்காலம், கோடைக்காலம், கடும் வறட்சிக்கான ஒதுக்கீடு என்று மூன்றாகப் பிரித்துக் காப்பது தேதா என்னும் பெரியவர்கள் சபை. வெளியார் மந்தை வருமுன் ஆள் அனுப்பி அனுமதி கேட்க வேண்டும்.

இதை உடைத்ததில் நல்லெண்ணத்துக்கும் பங்கு உண்டு. உதவ வந்தவர்கள் மழைக்கால மேய்ச்சல் நிலத்தின் நடுவே போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, பணம் கொடுத்தால் யார் மந்தையும் குடிக்கலாம் என்றார்கள். ஆண்டு முழுவதும் மந்தை அங்கேயே நின்றது. புல் அழிந்தது. அப்பா ஹெரேகாவின் இடத்தில் டீசல் மோட்டார்காரர் வந்து உட்கார்ந்தார். ஆகவே போர் போடுமுன் தேதாவைக் கேளுங்கள். வறட்சி ஒதுக்கீட்டு நிலத்தில் போட்டே ஆக வேண்டுமென்றால், மற்றக் காலங்களில் பூட்டி வையுங்கள். சாவி சபையிடம் இருக்கட்டும்.

அடுத்தது கணக்கு. ஒரு போர் மணிக்கு 5,000 லிட்டர் தருவதாக வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் ஓடினால் 50,000 லிட்டர். மனிதருக்கு 5,000 போக மீதி 45,000. மூன்று நாளுக்கு ஒருமுறை குடிக்கும் மாட்டுக்கு வேளைக்கு 50 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 900 மாடு. மூன்று நாள் சுற்றில் 2,700. ஊர் மந்தையே 2,000 இருந்தால் விருந்தாளி மந்தைக்கு இடம் 700 மாட்டுக்குத்தான். இந்த எண்ணைச் சொல்லாத ஒப்பந்தம் வெறும் கைகுலுக்கல். விருந்தாளிகள் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் சொல்வார்கள் (நாமும் அப்படித்தான் சொல்வோம்). அதனால் இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கொருவர் நின்று, முதல் சுற்றில் தொட்டியடியிலேயே எண்ண வேண்டும்.

தண்ணீர் போதுமானதாக இருந்தும் அடிதடி வரும். தாகமான மந்தைகள் காலையில் ஒரே நேரத்தில் வந்து சேரும். பத்து மீட்டர் தொட்டியின் இருபுறமும் சுமார் முப்பது மாடு நிற்கும், பத்து நிமிடத்தில் 1,500 லிட்டரைக் காலி செய்யும். மோட்டாரோ அந்த நேரத்தில் 830 லிட்டர்தான் இறைக்கும். தொட்டி வறண்ட இடைவெளியில் பின்னால் நிற்பவன் முட்டி மோதி முன்னே வருவான். இரவிலேயே இறைத்து நிரப்பும் மேல்தொட்டி இருந்தால் இது பாதி தீரும். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தனித்தொட்டி வையுங்கள். ஃபேன்பெல்ட், டீசல் ஃபில்டர் இரண்டு செட் கையில் இருக்கட்டும். மோட்டார் பழுதாவது வரிசை நீளமாக இருக்கும் நாளில்தான்.

எழுதி வைத்த முன்னுதாரணமும் இருக்கிறது. வடகென்யாவின் மோடோகாஷே ஊரில் உருவான 2001 பிரகடனம், பெரியவர்கள் சம்மதம் இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் மேய்ப்பதைத் தடுத்தது. கொலைக்கு ஈடு ஆணுக்கு 100 மாடு அல்லது ஒட்டகம், பெண்ணுக்கு 50 என்று வைத்தது. அந்தப் பாதிக் கணக்கை இன்று யாரும் அப்படியே படியெடுக்கக் கூடாது. வஜீரில் 1993இல் அமைதி முயற்சி தொடங்கியதே சந்தையில், பெண்களிடமிருந்துதான். எந்தக் குலத்தவளும் யாரிடமும் வாங்கலாம், விற்கலாம் என்று தங்களுக்குள் முடிவு செய்து, அது நடக்கிறதா என்று தாங்களே கண்காணித்தார்கள். அந்த முயற்சியில் முன்நின்ற தேகா இப்ராஹிம் அப்திக்கு 2007இல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. பெரியவர்கள் மட்டும் கையெழுத்திட்ட தாளைத் துப்பாக்கி வைத்திருக்கும் இளைஞன் மதிப்பதில்லை. மேய்ப்பன் சபையில் உட்கார வேண்டும்.

விருந்தாளி மந்தை திரும்பும் நாளைத் தேதியாக எழுதாதீர்கள். அவர்கள் ஊரில் மழை பெய்து குட்டை நிரம்பியதை இரு தரப்புப் பெரியவர்களும் போய்ப் பார்த்த பின் இத்தனை நாளுக்குள் என்று எழுதுங்கள். இன்னொன்று, நிவாரணப் பணம் முதல் மழையோடு நின்றுவிடும். ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் இரு தரப்புக் கூட்டுக் குழுவின் பெட்ரோல் செலவும் கைபேசிக் காசும் அதோடு நிற்கும். கொள்ளை தொடங்குவது அதற்குப் பிறகுதான். மழைக்குப் பிந்திய நான்கு மாதத்துக்கான அந்தச் செலவை வறட்சிப் பட்ஜெட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

வணக்கம்.