பீப்பாய்க்குள் இருந்த பையனை ஏன் வெளியே இழுத்தீர்கள்?

வணக்கம். வெளிச்சம் ஒரு பக்கமாகத்தான் விழுகிறது, தெரியும். இன்றைக்கு விளக்கைத் திருப்பி வைக்கும் பொறுமை எனக்கில்லை. விரல்களில் ஒட்டியிருக்கும் பசையைப் பார்த்து என்னவென்று கேட்பீர்கள், அதற்கு வருகிறேன். முதலில் கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன்.

ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' (புதையல் தீவு) நாவலை என் மாலை நேர ஆங்கில வகுப்பில் தொடங்கப்போவதாகப் போன காணொளியில் சொல்லியிருந்தேன். என் மாணவர்கள் எல்லோரும் பெரியவர்கள். முயலும் ஆமையும் ஓடுகிற பாடத்தைக் கொடுத்தால் அவர்கள் முகம் போகிற போக்கு உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பழைய சாகச நாவல்கள் பக்கம் வந்தேன். மூலத்தில் சில அத்தியாயங்கள் மட்டும், வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படிப்பது, பக்கத்துக்கு மூன்று முறைக்கு மேல் அகராதியைத் திறக்கக் கூடாது. நம் பழைய சட்டம்தான்.

இந்த வாரம் ஒருவர் ஆர்வத்தோடு ஒரு சுருக்கப் பதிப்பைக் கொண்டுவந்தார். 'இது எளிதாக இருக்கிறது, இதையே எல்லோரும் படிக்கலாமே' என்றார். வாங்கிப் புரட்டினேன். நேராகப் பதினொன்றாம் அத்தியாயத்துக்குப் போனேன், ஆப்பிள் பீப்பாய் வரும் இடம். 34 அத்தியாயங்களில் எனக்கு உயிர் இதுதான். அந்தப் பதிப்பில் மொத்த அத்தியாயமும் இரண்டு வரி! கதை சொல்லும் பையன் ஜிம் ஒளிந்திருந்து கேட்டானாம், அவர்கள் கடற்கொள்ளையர்கள் என்று தெரிந்துகொண்டானாம். அவ்வளவுதான்.

அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஆப்பிள் எடுக்கப் போன ஜிம், பீப்பாய் ஏறக்குறைய காலியாக இருப்பதால் அதற்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிடுகிறான். வெளியே சமையற்காரன் லாங் ஜான் சில்வர் ஓர் இளம் மாலுமியிடம் பேச ஆரம்பிக்கிறான். ஜிம்முக்கு முகம் தெரியாது, குரல் மட்டும்தான். சில்வர் 'ஜென்டில்மேன் ஆஃப் ஃபார்ச்சூன்' (சொல்லுக்குச் சொல் 'அதிர்ஷ்டத்தின் கனவான்') என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். பையனுக்கு அந்தச் சொல் புதிது. அகராதி கிடையாது, கை தூக்கிக் கேட்கவும் முடியாது. பேச்சின் போக்கை வைத்தே, இவர்கள் கொள்ளைக்காரனைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறான். அப்படிப் புரிந்தது என்று நாவலில் அவனே சொல்லவும் செய்கிறான்.

என் மாணவர்கள் தினமும் படும் பாடு இதுதானே! பாதி காதில் விழுகிறது, பாதி விழவில்லை, கேட்டால் மானம் போகும், எதிரில் இருப்பவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகிறார். ஆங்கிலம் கற்பவருக்கென்றே எழுதிய மாதிரி ஒரு காட்சி. அதை எடுத்துவிட்டு, 'கடற்கொள்ளையர்' என்ற விடையை முதல் வரியிலேயே ஊட்டிவிட்டால் மாணவர் செய்ய மிச்சம் என்ன இருக்கிறது? கடைசிப் பக்கத்தில் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டியதுதான். கோடிட்ட இடங்களைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு காணொளி முழுக்கத் திட்டியிருக்கிறேன், மறுபடியும் ஆரம்பிக்கவில்லை.

மூலத்தையே வகுப்பில் படித்தோம். அந்தச் சொற்றொடருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். 'பணக்காரர்' என்றார் ஒருவர். 'லாட்டரி விழுந்தவர்' என்றார் இன்னொருவர். இன்னும் அரைப் பக்கம் போனோம். அதுவரை வாயே திறக்காத ஓர் அம்மா மெதுவாக, 'ஐயா, இவன் திருடன் மாதிரிதானே பேசுகிறான்?' என்றார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினேன்.

நடுவில் ஓர் இடம் விட்டுப்போனது. பேச்சுக்கிடையில் சில்வர் அந்த இளைஞனிடம், அந்தப் பீப்பாயிலிருந்தே ஓர் ஆப்பிள் எடுத்துத் தரச் சொல்கிறான். உள்ளே பையன்! அந்த வரியோடு புத்தகத்தை மூடி வைத்து, வகுப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கிடைத்த சாபங்களைச் சொல்ல மாட்டேன். அடுத்த வகுப்புக்கு ஐந்து பேர் தாங்களாகவே அத்தியாயத்தை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை!

இப்போது பசைக்கு வருகிறேன். ஆறாம் அத்தியாயத்தில் தீவின் வரைபடத்தைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. சுமார் ஒன்பது மைல் நீளம், ஐந்து மைல் அகலம், எழுந்து நிற்கும் கொழுத்த டிராகன் போன்ற வடிவம், இரண்டு துறைமுகங்கள், நடுவில் 'ஸ்பை கிளாஸ்' என்ற குன்று, புதையலைக் காட்ட சிவப்பு மையில் மூன்று குறிகள், இரண்டு வடக்கே, ஒன்று தென்மேற்கே. நான் வாசிக்க வாசிக்க எல்லோரும் வரைய வேண்டும். ஒருவர் தீவைப் படுக்கைவாட்டில் வரைந்துவிட்டார். 'ஸ்டேண்டிங் அப்' என்ற இரண்டு சொல் காதில் விழவில்லை; டிராகன் படுத்துக்கொண்டது, வடக்கு மேற்காகிவிட்டது. பக்கத்திலிருப்பவரின் தாளைப் பார்த்ததும் தானே சிரித்துவிட்டார். நான் திருத்த வேண்டிய வேலையே வரவில்லை. இலக்கணக் குறிப்பேட்டில் சிவப்புச் சுழி போட்டிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்குமா?

கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நான்கு தாள்களில் வரைந்து ஒட்ட உட்கார்ந்தேன். முதல் முறை பசை அதிகமாகித் தாள் சுருங்கியது. இரண்டாம் முறை ஒட்டு நாடா போட்டேன். விளக்கு பட்டுப் பளபளத்து எதுவும் தெரியவில்லை. மூன்றாம் முறை கீழ் இடதுபக்கத் தாள் ஒரு விரல் அகலம் நகர்ந்துவிட்டது. விளைவு, தென்மேற்குச் சிவப்புக் குறி கடலுக்குள் போய்விட்டது. அத்தனை புதையலும் தண்ணீரில்! இதோ, பாருங்கள். நான்காம் முறை ஒட்டியது அங்கே காய்ந்துகொண்டிருக்கிறது. யாரும் தும்மிவிடாதீர்கள்.

இதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. இந்த நாவலே வரைபடத்திலிருந்து பிறந்ததுதான். 1881இல் ஸ்டீவன்சன் தன் மனைவியின் மகனோடு பொழுதுபோக்காக ஒரு தீவை வரைந்தார், அதிலிருந்து கதை முளைத்தது. புத்தகமாக அச்சுக்கு அனுப்பியபோது அந்தப் படம் தொலைந்துபோனது. பிறகு தன் கதையைத் தானே வரிவரியாகத் தேடி, எங்கே என்ன இருப்பதாக எழுதியிருக்கிறோம் என்று குறித்துக்கொண்டு, காம்பஸை வைத்துக்கொண்டு புதிதாக வரைய வேண்டியிருந்தது. என் மாணவர்கள் செய்த அதே பயிற்சி! 1883இல் புத்தகம் வந்தது அந்த இரண்டாம் படத்தோடு. அந்தச் சுருக்கப் பதிப்பில் வரைபடம் உண்டா என்று கேட்டால் நான் மறுபடியும் கத்த வேண்டியிருக்கும். இல்லை.

மூலத்தில் எல்லாமே தேன் என்று நான் சொல்லவில்லை. முதல் வாக்கியமே சுமார் 90 சொற்கள். 'நான்' என்ற எழுவாய் வருவதற்குள் கிட்டத்தட்ட ஐம்பது சொற்கள் ஓடிவிடும். முதல் நாளே அதைக் கொடுத்தால் வகுப்பு காலி. நான் முதல் பக்கத்தைத் தமிழில் கதையாகச் சொல்லிவிடுவேன். வீட்டில் தனியாகப் படிக்க எளிய பதிப்பு நல்லதுதான். துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று 2000இல் ஹூ, நேஷன் என்ற இரண்டு மொழிக்கல்வி ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதாவது ஐம்பதுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். மாலுமிகளின் பேச்சில் ஐம்பதுக்குப் பத்து புதிதாக வரும். அதனால்தான் மூலத்தை எல்லோரும் சேர்ந்து படிக்கிறோம்.

இன்னொரு ஆபத்து, கொள்ளையர் இலக்கணம். சில்வரின் ஆட்கள் 'யூ வேர்' என்பதற்குப் பதில் 'யூ வாஸ்' என்றெல்லாம் பேசுவார்கள். ஒருவர் அதைத் தன் அலுவலக மின்னஞ்சலில் எழுதிவிட்டு, 'நாவலில் இருக்கிறதே' என்று என்னிடம் வாதாடினார். இப்போது கரும்பலகையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். நாவலில் வரும் படித்த டாக்டரின் பேச்சு ஒருபக்கம், கப்பல் பேச்சு ஒருபக்கம்.

'ராபின்சன் குரூசோ' ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 1719ஆம் ஆண்டுப் புத்தகம், மூலத்தில் அத்தியாயப் பிரிவே கிடையாது, மூச்சு வாங்கும் வாக்கியங்கள். மணலில் ஒற்றைக் காலடி தெரியும் பக்கத்தை மட்டும் எடுத்துப் படிப்பேன். பிறகு, தீவில் தனியாக மாட்டிக்கொண்ட குரூசோ, தான் காப்பாற்றிய ஃப்ரைடே என்ற இளைஞனுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் இடம். உலகத்திலேயே மோசமான ஆங்கில வகுப்பு அதுதான் என்பேன். அவன் சொந்தப் பெயர் என்ன என்று கேட்பதே இல்லை. தானாக ஒரு பெயர் வைக்கிறான், அடுத்ததாக 'மாஸ்டர்' என்று கூப்பிடச் சொல்லித்தருகிறான், அதற்கப்புறம்தான் 'ஆம்', 'இல்லை'. இதை வகுப்பில் படித்துவிட்டு, ஃப்ரைடே தன் மொழியில் என்ன நினைத்திருப்பான் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். இதுவரை வந்ததிலேயே நீளமான கட்டுரைகள் அவைதான். ஒருவர் இரண்டு பக்கம் வசைபாடியிருந்தார், அதுவும் பிழையில்லாமல்!

அடுத்தது ஜூல் வெர்னின் 'எண்பது நாளில் உலகப் பயணம்'. பிரெஞ்சிலிருந்து வந்தது என்பதால் ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. ஒரே பத்தியை இரண்டு பேர் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறோம். நாவலிலேயே பயண அட்டவணை இருக்கிறது: லண்டனிலிருந்து சூயஸ் 7 நாள், அங்கிருந்து பம்பாய் 13, கல்கத்தா 3… கூட்டினால் சரியாக 80 வரும். கடைசியில் ஒரு நாள் எங்கே போனது என்ற முடிச்சை மட்டும் யாரும் கருத்துப் பெட்டியில் அவிழ்த்துவிடாதீர்கள். என் மாணவர்கள் அந்தக் கருத்துகளைப் படிக்கிறார்கள், போன முறை ஜிம்மின் கதையை ஒருவர் போட்டு உடைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்ன சத்தம் அது? ஐயோ, வரைபடம் விழுந்துவிட்டது. இருங்கள்… தீவு பிழைத்துக்கொண்டது. கீழ் மூலை மட்டும்தான் கிழிந்திருக்கிறது.