ஆடியைச் சோதிக்க எந்த விளக்கு?

நேயர்களுக்கு வணக்கம். தொலைநோக்கிக்கான குழியாடியை வீட்டிலேயே தேய்த்துச் செய்கிறவர்களை மனதில் வைத்து இன்று பேசுகிறேன். தேய்ப்பதும் மெருகேற்றுவதும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். வடிவம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் விளக்குதான் காரணம்.

இந்தச் சோதனையை 1858இல் தந்தவர் பாரிஸைச் சேர்ந்த லியோன் ஃபூக்கோ. ஊசலைக் கட்டித் தொங்கவிட்டு பூமி சுழல்வதைக் காட்டினாரே, அவரேதான். நுண்ணிய துளை வழியாக வரும் ஒளியை ஆடிக்கு அனுப்பி, அது திரும்பி வந்து குவியும் இடத்தில் ஒரு கத்தி விளிம்பைக் குறுக்கே நகர்த்த வேண்டும். கத்திக்குப் பின்னால் நம் கண். ஆடி கோள வடிவில் இருந்தால் முழுப் பரப்பும் ஒரே சீராக மங்கும். தொலைநோக்கிக்கு வேண்டிய பரவளையமாக, அதாவது விளிம்பை நோக்கி வளைவு சற்றே குறையும் வடிவமாக இருந்தால் நடுவில் பள்ளமும் சுற்றிலும் மேடுமாக, உளுந்து வடை மாதிரி தெரியும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மேடுபள்ளம்கூடக் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

6 அங்குல ஆடி, குவியத் தொலைவு 48 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கை அதைப்போல் இரு மடங்கு, அதாவது 96 அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். அலுமினியம் பூசாத கண்ணாடி, தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். ஊசித்துளையில் வருவதே கொஞ்சம். வெளிச்சம் போதவில்லை என்று பெரிய குண்டு பல்பை வைத்தால் அது சூடாகும். சூடான காற்று எழுந்து ஒளிப்பாதையில் நெளியும். இந்தச் சோதனையில் உள்ளங்கையின் சூடு கிளப்பும் காற்றே தெரியும் என்றால், பல்பின் சூடு என்ன செய்யும்!

அதனால் நான் சொல்வது எல்.இ.டி.தான். 5 மில்லிமீட்டர் அளவில் நல்ல பிரகாசமானது போதும். அதன் குவிந்த தலையை அரத்தால் தட்டையாக்கி, உப்புத்தாளில் தேய்த்தால் ஒளி சீராகப் பரவும். உள்ளே சில்லுக்கு மேலே மெல்லிய கம்பி ஒன்று போகும். அதுவரை அரத்தைக் கொண்டுபோகக் கூடாது. கம்பி அறுந்தால் விளக்கு எரியாது.

ஊசித்துளையும் வேண்டாம். பிளேடின் ஒரே விளிம்பு, கீழ்ப்பாதியில் எல்.இ.டி.யின் ஒரு பகுதியை மறைக்கட்டும். மேல்பாதியில் கண்ணுக்குக் கத்தியாக நிற்கட்டும். பிம்பம் இடவலமாகத் திரும்பி வருவதால், பிளேடை நகர்த்த நகர்த்த ஒளிப்பிளவு, அதாவது ஒளி வரும் மெல்லிய இடைவெளி, தானாகவே குறுகும். பிளவும் கத்தியும் இணையாக இருக்கின்றனவா என்ற கவலையும் இல்லை. ஊசித்துளையைவிட வெளிச்சம் பல மடங்கு கூடுதல்.

இப்படிச் செய்தால் விளக்கும் பிளேடும் சேர்ந்தே நகரும். இதை மறக்கவே கூடாது. நாம் சொன்ன 6 அங்குல ஆடி பரவளையமாகும்போது நடுப்பகுதியின் ஒளி குவியும் இடத்துக்கும் விளிம்பின் ஒளி குவியும் இடத்துக்கும் பிளேடை முன்பின் நகர்த்த வேண்டிய தூரம் சுமார் 1.2 மில்லிமீட்டர். விளக்கை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கத்தியை மட்டும் நகர்த்தினால் அதுவே 2.4. ஒன்றுக்கான கணக்கை மற்றதற்குப் போட்டால், நல்ல ஆடியை நாமே மறுபடி தேய்த்துக் கெடுத்துவிடுவோம்.

நிறம்? ஆடியில் நிறப்பிறழ்ச்சி, அதாவது நிறத்துக்கு நிறம் குவியும் இடம் மாறுவது, கிடையாது; எந்த நிறமும் ஆகும். நம் கண் பச்சைக்குத்தான் அதிகம் கூர்மையானது, அதனால் நான் பச்சையை எடுப்பேன். வெள்ளையும் சரிதான்.

லேசர் மட்டும் இதற்கு வேண்டாம். அதன் ஒளி பரப்பு முழுவதும் புள்ளிபுள்ளியாக மினுங்கி நிழலைக் குலைத்துவிடும். அதோடு, திரும்பி வரும் கற்றை குவிகிற இடத்தில்தான் நம் கண்ணை வைக்கிறோம். கண்ணுக்கு ஆபத்து.

பொருத்தும்போது முதலில் பிளேடை எடுத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, எல்.இ.டி.க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரும்பி வரும் சின்ன ஒளிப்பொட்டு தாளில் தெரியும். அதைக் கண்டுபிடித்த பிறகு பிளேடைப் பொருத்தினால் போதும்.