ஒன்பது தட்டில் இரண்டு ஊர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஜாஸின் மனோதர்மம் கலப்பதால் அயர்லாந்து, மத்தியதரைக்கடல் நாடுகளின் மரபிசை வளர்கிறதா, தேய்கிறதா?’ என்ற வழக்கில், வளர்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன். மனோதர்மம் என்றால், வாசிக்கும்போதே கற்பனையால் இசையை அமைத்துக்கொண்டு போவது.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், அயர்லாந்தின் மதுக்கூடத்தில் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து ஒரே மெட்டை வாசிப்பதுதான் அந்த இசையின் உயிர் என்றும், ஜாஸ்காரர் ஒருவர் நுழைந்து தனி ஆவர்த்தனம் தொடங்கிவிட்டால் மற்ற ஒன்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்றும் சொன்னார். அவை கைதட்டியது, சொன்ன அழகுக்காக நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, ஒருசேர வாசிப்பது வேறு, ஒன்றுபோல வாசிப்பது வேறு. அந்த வட்டத்தில் பிடில் வாசிப்பவர் ஒரு நீண்ட சுரத்தை முதல் சுற்றில் ‘ரோல்’ என்னும் கமகத்தால் சுழற்றுவார்; அடுத்த சுற்றில் அதே இடத்தை ‘கட்’ என்னும் நொடிநேர அலங்காரச் சுரம் ஒன்றால் வெட்டிவிட்டுப் போவார்; பக்கத்தில் இருக்கும் புல்லாங்குழல்காரர் அங்கே மூச்சு வாங்குவதற்காக ஒரு சுரத்தையே விட்டுவிடுவார். மெட்டு ஒன்று, வாசிப்பு ஆளுக்கொன்று, சுற்றுக்கொன்று. மனோதர்மம் அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது, சிறிய அறையில் குடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அறையின் சுவரை உள்ளிருந்தே தள்ளிப் பார்த்தவர் டப்ளின் நகரத்துப் பிடில் கலைஞர் டாமி பாட்ஸ். பைப் என்னும் துருத்திக்குழல் வாசிப்பவரின் மகன். மரபுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். 1972இல் வெளிவந்த அவருடைய ‘த லிஃபி பேங்க்ஸ்’ இசைத்தட்டில், முடிய வேண்டிய இடத்தில் சங்கதி முடிவதில்லை. இழுத்துக்கொண்டே போய் வேறொரு வாசலில் வந்து நிற்கிறது. அதற்கு நடனம் ஆடுவது கடினம். மரபைக் கெடுத்தார் என்று அவரை ஒதுக்கிவிட முடிந்ததா? அயர்லாந்து இசையறிஞர் மீஹால் ஓ சூலவான் அவருடைய வாசிப்பைத்தான் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். கிரேக்க நகரங்களின் மக்களிசையான ரெபெடிகோவுக்கு வாருங்கள். பாட்டு தொடங்குமுன், பூசுகி என்னும் நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியக் கலைஞர் தாளமில்லாமல் தனியே வாசிக்கும் முன்னுரைக்குத் ‘தக்சீமி’ என்று பெயர். நம் செவிக்கு அது ஆலாபனை. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஜாஸ் எப்படி அந்நியன் ஆகும்?

அடுத்து, கட்டுமானம். ரீல் என்னும் அயர்லாந்து நடன மெட்டு எட்டு எட்டு ஆவர்த்தனமாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் இருமுறை வாசிக்கப்பட்டு, 32 ஆவர்த்தனங்களில் ஒரு சுற்று முடியும். ஜாஸ் கலைஞர்கள் காலங்காலமாக வாசிக்கும் பாடல்களில் பெரும்பகுதியும் எட்டு எட்டாக 32 ஆவர்த்தனங்கள்தாம். 1959இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த ‘ஸோ வாட்’ அந்த 32ஐயும் டோரியன் என்னும் சுரவரிசையிலேயே நடத்துகிறது. நம் கரகரப்பிரியாவின் சுரங்களைக் கொண்ட அதே டோரியனில்தான் எண்ணற்ற அயர்லாந்து மெட்டுகளும் அமைந்திருக்கின்றன. அளவும் பொருந்தி, சுரமும் பொருந்திய பின்பும் ஜாதகம் பொருந்தவில்லை என்கிறது எதிரணி.

ஒட்டவைத்ததெல்லாம் கலப்பு ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரீலின் மேல் சாக்ஸபோனைத் தெளித்து விற்கும் சரக்கும் உண்டு. அதற்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் 1981இல் தொடங்கிய ‘மூவிங் ஹார்ட்ஸ்’ குழுவில் டேவி ஸ்பில்லேனின் பைப்பும் கீத் டொனால்டின் சாக்ஸபோனும் அருகருகே ஒலித்தன. எதுவும் எதையும் விழுங்கவில்லை. அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனல் லன்னியின் கையில் இருந்தது கிரேக்கத்துப் பூசுகி. 1960களின் நடுவில் ஜானி மொய்னிஹன் அதை அயர்லாந்து இசைக்குள் கொண்டுவந்தார். லன்னி அதன் குடமுதுகைத் தட்டையாக்கிச் செய்வித்துக்கொண்டார். இன்று எதிரணி நண்பர் போற்றும் அந்த மதுக்கூட வட்டத்தில் அதற்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.

கடைசியாக, எதிரணி எடுக்கத் தவறிய ஆயுதத்தை நானே எடுத்து நீட்டுகிறேன். இஸ்தான்புல் தெருவில் இசைக்கலைஞர்கள் வாசிக்கக் கேட்ட ஒன்பது தட்டுத் தாளத்தை வைத்து, ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1959இல் ‘புளூ ரோண்டோ அ லா டர்க்’ அமைத்தார். தனி வாசிப்பு வந்ததும் அந்த ஒன்பதை விட்டுவிட்டு, ஜாஸுக்குப் பழகிய நான்கு தட்டு நடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தாளத்தை வாசலோடு நிறுத்திவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம்; அந்தக் குறை உண்மைதான், பின்னால் வந்தவர்களுக்கு வேலை மிச்சமிருந்தது. ஆனால் அதன் தொடக்க மெட்டை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். முதல் மூன்று ஆவர்த்தனங்களில் ஒன்பது, இரண்டு-இரண்டு-இரண்டு-மூன்று என்று துருக்கியக் கணக்கில் நடக்கிறது. நான்காவதில் அதே ஒன்பது மூன்று-மூன்று-மூன்றாகப் பிரிகிறது. அயர்லாந்தின் ‘ஸ்லிப் ஜிக்’ நடனத்துக்குக் கால் வைக்கும் கணக்கும் அதே மூன்று மும்மைகள்தாம். புரூபெக் அயர்லாந்தை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு துருக்கியரும் ஓர் அயர்லாந்துக்காரரும் ஒரே மேசையில் அமர்ந்து தாளம் தட்டினால், மூன்று ஆவர்த்தனம் அவர் தலையாட்டுவார், நான்காவதில் இவர் தலையாட்டுவார். தேய்ந்தது இருவரில் எவருடைய ஒன்பது என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் எண்ணிச் சொல்லட்டும்.